குறையும் நிறையும் ஒரே மூளையில்

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

நீங்கள் பிறந்தது என்ன கிழமை என்று உங்களுக்குத் தெரியுமா? அம்மா சொல்லிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். சரி, உங்கள் அம்மா பிறந்தது என்ன கிழமை? பாட்டி பிறந்தது? பழைய நாட்காட்டியைப் புரட்டாமலும், தாளில் கணக்குப் போடாமலும், கேட்ட மாத்திரத்தில் விடை கூற இயலுமா? நம்மால் இயலாது. ஆனால் அமெரிக்காவில் ஒருவர் இருந்தார். யார் தம் பிறந்த தேதியைச் சொன்னாலும் அன்று என்ன கிழமை என்று உடனே கூறிவிடுவார். அவருக்குத் தம் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்ள வராது!

இஃது எவ்வாறு இயலும்? இந்த ஆண்டு அறிவியல் வகுப்பில் நரம்பு மண்டலம் பற்றிய பாடம் நடந்தபோது, எங்கள் ஆசிரியை இம்மனிதரைப் பற்றிக் கூறினார்கள். அன்று முதல் நாங்கள் தேடிப் படித்து அறிந்துகொண்டவற்றை இங்கே தருகிறோம். இதை எழுத எங்களைத் தூண்டியது பாடம் மட்டும் அன்று. எங்களைத் தலைகுனிய வைத்த ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அதைக் கட்டுரையின் இறுதியில் கூறுவோம்.

சவான்ட் நிலை என்பது யாது?

'சவான்ட்' என்பது பிரெஞ்சுச் சொல். 'அறிஞர்' என்பது அதன் பொருள். பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் குறை உள்ளவர்கள், அல்லது பின்னால் மூளையில் அடிபட்டவர்கள் சிலரிடம், ஏதேனும் ஒரு துறையில் மட்டும் வியத்தகு திறமை காணப்படும். மற்றக் காரியங்களில் பிறர் துணையின்றி வாழ இயலாதவர்களாக இருப்பார்கள். இதனையே மருத்துவர்கள் 'சவான்ட் நிலை' என்கின்றனர்.

இதைப் பற்றி முதன்முதலில் விரிவாகப் பேசியவர்களுள் ஒருவர் இங்கிலாந்து மருத்துவர் ஜான் லாங்டன் டவுன். 'டவுன் சின்ட்ரோம்' என்ற குறைபாடு இவர் பெயராலேயே வழங்குகிறது. 1887ஆம் ஆண்டு லண்டன் மருத்துவச் சங்கத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில், தாம் கண்ட இத்தகைய சிறுவர்களைப் பற்றி அவர் எடுத்துரைத்தார். அவர்களுள் ஒரு சிறுவன், ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி கிப்பன் எழுதிய பெரிய வரலாற்று நூலை மனப்பாடமாக ஒப்பிப்பான். முதலில் படித்தபோது மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைத் தவறவிட்டு, பிழையை உணர்ந்து திரும்பி வந்து படித்தானாம். அதன்பின் ஒவ்வொரு முறை ஒப்பிக்கும்போதும் அதே இடத்தில் அதே வரியை விடுவான். அதே போலத் திரும்பி வந்து சொல்வான். பிழையும் பாடத்தின் ஒரு பகுதி ஆகிவிட்டது!

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. சவான்ட் நிலையில் உள்ளவர்களின் நினைவாற்றல் மிக ஆழமானது. ஆனால் மிகக் குறுகலானது. குறுகிய வாயும் பெரும் ஆழமும் உள்ள கிணற்றைப் போன்றது அது.

டவுன் இவர்களுக்கு வைத்த பெயர் 'அறிவிலி அறிஞர்' என்று பொருள்படும். அக்காலத்தில் 'அறிவிலி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை மருத்துவர்களே ஒரு நோயின் பெயராக எழுதி வந்தனர். இன்று அச்சொல் கைவிடப்பட்டுவிட்டது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் டேரோல்ட் டிரெஃபர்ட், 1962இல் குழந்தைகள் பிரிவு ஒன்றில் இத்தகைய சிறுவர்களைக் கண்டார். 2020இல் மறையும் வரை இந்த ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை. இத்திறமைகள் பெரும்பாலும் ஐந்து துறைகளிலேயே தோன்றுகின்றன என்று அவர் கண்டறிந்தார். இசை, ஓவியம், நாள்காட்டிக் கணக்கு, எண் கணிதம், இடத்தையும் அளவையும் கணிக்கும் திறன் என்பவையே அவை. சவான்ட் நிலையில் உள்ளவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆட்டிசம் உள்ளவர்கள். ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கே இத்தகைய திறமை ஓரளவேனும் இருக்கும் என்பது அவருடைய மதிப்பீடு. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நடமாடும் நூலகம்

தொடக்கத்தில் நாங்கள் குறிப்பிட்டவர் கிம் பீக். 1951இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் பிறந்தார். பிறக்கும்போதே தலை பெரிதாக இருந்தது. மூளையின் பல பகுதிகள் சரியாக வளரவில்லை. ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது பார்த்த மருத்துவர், இக்குழந்தை நடக்காது, பேசாது, காப்பகத்தில் விட்டுவிடுங்கள் என்றார். பெற்றோர் மறுத்துவிட்டு, வீட்டிலேயே வைத்து வளர்த்தனர்.

கிம் நடந்தது நான்கு வயதில்தான். ஆனால் அதற்கு முன்பே, படித்துக் காட்டிய புத்தகங்களை மனத்தில் பதித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார். ஒரு புத்தகத்தை முடித்ததும் அதை அலமாரியில் தலைகீழாக வைப்பார். முடித்துவிட்டேன் என்பதற்கு அது அடையாளம். வளர்ந்தபின் இரண்டு பக்கங்களைச் சுமார் பத்து நொடிகளில் படித்துவிடுவார். இடக்கண்ணால் இடப்பக்கத்தையும் வலக்கண்ணால் வலப்பக்கத்தையும் ஒரே நேரத்தில் படித்தார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியுள்ளனர். அவர் நினைவில் இருந்த நூல்கள் ஏறத்தாழ 12,000 என்பர். வரலாறு, புவியியல், இசை, சாலைகள், அஞ்சல் குறியீட்டு எண்கள் என எதைக் கேட்டாலும் விடை வரும்.

அத்தகையவருக்கு உவமையாகச் சொல்வது எளிதில் விளங்காது. ஒரு முறை உணவு விடுதியில் அவர் உரக்கப் பேசியபோது, குரலைத் தாழ்த்தும்படி தந்தையார் கூறினார். உடனே கிம் நாற்காலியில் சரிந்து தம் உடலைத் தாழ்த்திக்கொண்டாராம்! உடல் தாழ்ந்தால் குரலும் தாழும் அல்லவா? சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்; சொல்லுக்குப் பின்னால் இருந்த கருத்து எட்டவில்லை.

மூளை என்னும் விந்தை

நம் மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். அதில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. பெருமூளை இடம், வலம் என இரு அரைக்கோளங்களாகப் பிரிந்துள்ளது. இவ்விரண்டையும் இணைப்பது கார்பஸ் கலோசம் என்னும் நரம்பிழைக் கற்றை. அதில் ஏறத்தாழ 20 கோடி இழைகள் உண்டு. இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள பெரிய பாலத்தைப் போல, இரு பக்கத்துச் செய்திகளும் இதன் வழியே போய்வருகின்றன.

பெரும்பாலோருக்குப் பேச்சும் மொழியும் இடப்பக்க மூளையின் பொறுப்பு. 1861இல் பாரிஸ் நகர மருத்துவர் பால் புரோக்கா, பேச்சிழந்த ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்து, இடப்பக்க நெற்றிப் பகுதியில் சேதம் இருந்ததைக் காட்டினார். இடத்தை அளப்பதிலும் உருவங்களை உணர்வதிலும் வலப்பக்கத்திற்குப் பெரும் பங்கு உண்டு. எனினும் இடம் என்றால் கணக்கு, வலம் என்றால் கலை என்று சிலர் பிரித்துக் கூறுவது சரியன்று. எந்தச் செயலுக்கும் இரண்டு பக்கமும் சேர்ந்தே உழைக்கின்றன. நாம் மூளையில் பத்தில் ஒரு பங்கையே பயன்படுத்துகிறோம் என்பதும் கட்டுக்கதையே.

1988இல் கிம் பீக்கின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவி மூலம் படம் எடுத்துப் பார்த்தபோது, அவருக்கு அந்தப் பாலமே இல்லை என்பது தெரிந்தது! கார்பஸ் கலோசம் உருவாகவே இல்லை. சிறுமூளையிலும் சேதம் இருந்தது. நடையும் பொத்தான் போடுவதும் கடினமாக இருந்ததற்குச் சிறுமூளைச் சேதம் ஒரு காரணமாகலாம். அப்படியாயின் பாலம் இல்லாததுதான் நினைவாற்றலுக்குக் காரணமா? அவ்வாறு சொல்லிவிட முடியாது. கார்பஸ் கலோசம் இல்லாமல் பிறந்து, இத்தகைய ஆற்றல் எதுவும் இல்லாதவர்களே மிகுதி. இயல்பான வழி அடைபட்டபோது கிம்மின் மூளை வேறு வழிகளை அமைத்துக்கொண்டது என்பது அவரை ஆராய்ந்தவர்களின் கருத்து.

அக்காள் ஓய்ந்தால் தங்கை பாடுவாள்

சவான்ட் நிலையைப் பற்றிய கருத்துகளுள் முக்கியமானது இது. இடப்பக்க மூளை பழுதுபடும்போது வலப்பக்கம் அதனை ஈடுசெய்ய முற்படுகிறது. அதுவரை அடங்கிக் கிடந்த திறமை அப்போது வெளிப்படுகிறது. இதனை இப்படி விளங்கிக்கொள்ளலாம். அக்காள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் தங்கையின் குரலே கேட்பதில்லை. அக்காள் ஊருக்குப் போன அன்றுதான் தங்கை பாடுவாள் என்பது வீட்டாருக்குத் தெரிகிறது.

இதற்குச் சான்றுகள் உண்டு. 1979இல் அமெரிக்கச் சிறுவன் ஆர்லாண்டோ செரலுக்குப் பத்து வயது. பேஸ்பால் விளையாட்டில் பந்து தலையின் இடப்பக்கத்தில் பலமாகத் தாக்கியது. சில காலம் தலைவலி இருந்தது. அதன்பின் எந்தத் தேதிக்கும் கிழமை சொல்லும் திறன் அவனுக்கு வந்திருந்தது. அடிபட்ட நாள் முதலாக ஒவ்வொரு நாளின் வானிலையும் நினைவில் நின்றது.

மற்றொரு சான்று முதியோரிடமிருந்து கிடைத்தது. கலிபோர்னியாவின் நரம்பியல் மருத்துவர் புரூஸ் மில்லர், மூளையின் முன்பகுதியும் பொட்டுப் பகுதியும் சிறிது சிறிதாகத் தேயும் நோய் உள்ளவர்களைக் கவனித்து வந்தார். இந்நோயாளிகளில் சிலர் அதற்கு முன் தூரிகையையே தொடாதவர்கள். நோய் வந்தபின் ஓவியம் தீட்டத் தொடங்கினர். அவர்களிடம் பெரும்பாலும் இடப்பக்கப் பொட்டுப் பகுதியே மிகுதியாகத் தேய்ந்திருந்தது. 1990களில் மில்லர் இதனை மருத்துவ இதழ்களில் வெளியிட்டார்.

கனடா நாட்டு அறிவியலாளர் ஆன் ஆடம்ஸ் அறிவியலை விட்டு ஓவியராக மாறியவர். 1994இல் அவர், ராவெல் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர் 1928இல் அமைத்த 'பொலேரோ' என்ற இசையை, வண்ணங்களாலும் வடிவங்களாலும் ஓர் ஓவியமாக்கினார். சில ஆண்டுகளுக்குப் பின் அவருக்குப் பேச்சு குன்றத் தொடங்கியது. மொழியைத் தாங்கும் இடப்பக்கப் பகுதி தேய்ந்து வந்தது தெரியவந்தது. ராவெலும் தம் இறுதி ஆண்டுகளில் இதே போன்ற நோயால் பேச்சும் எழுத்தும் இழந்தவர் என்பது எண்ணி வியக்கத்தக்கது. ஆன் ஆடம்ஸ் 2007இல் மறைந்தார். நோய் ஒரு கையால் பறித்ததையும் மறு கையால் கொடுத்ததையும் நினைக்கும்போது, இத்திறமைகளை வெறும் வேடிக்கையாகப் பார்க்க மனம் வரவில்லை.

காந்தத்தால் ஒரு சோதனை

அப்படியானால் இத்தகைய ஆற்றல் நம் எல்லோருக்குள்ளும் உறங்கிக் கிடக்கிறதா? ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் ஸ்னைடர் இதைச் சோதித்தார். தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்துத் துடிப்புகளைச் செலுத்தினால், அதன் கீழுள்ள மூளைப் பகுதியின் செயல் சிறிது நேரம் தளரும். இடப்பக்கத்தின் முன்பகுதியையும் பொட்டுப் பகுதியையும் அவ்வாறு தளரச் செய்து, நலமாக உள்ளவர்களை வரையச் சொன்னார். 2003இல் வெளியான அச்சோதனையில் பங்கேற்ற 11 பேரில் 4 பேரின் ஓவியத்தில் மாறுதல் காணப்பட்டது. 2006இல் வெளியான மற்றொரு சோதனையில், திரையில் கணப்பொழுது தோன்றி மறையும் பல புள்ளிகளின் எண்ணிக்கையைச் சொல்லும்படி கேட்டார். 12 பேரில் 10 பேர் முன்னைவிடச் சரியாகச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் அத்திறன் மங்கிவிட்டது.

நம் கண்ணும் காதும் நொடிதோறும் கோடிக்கணக்கான நுண்செய்திகளை மூளைக்கு அனுப்புகின்றன. மூளை அவற்றைத் தொகுத்து, 'இது மரம்', 'இது வீடு' என்ற முடிவை மட்டும் நமக்குத் தருகிறது. சவான்ட் நிலையில் உள்ளவர்களுக்கு அந்தத் தொகுக்கப்படாத நுண்செய்திகளே நேரில் எட்டுகின்றன என்பது ஸ்னைடரின் விளக்கம். ஆனால் 11 பேர், 12 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இதைக் கொண்டு அறுதியிட்டுக் கூற இயலாது. காந்தத்தை வைத்தால் நாமும் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம்!

பகுதியும் முழுமையும்

உளவியலாளர் உட்டா ஃபிரித் 1989இல் வேறொரு கோணத்தில் விளக்கினார். நாம் காட்டைப் பார்க்கும்போது, ஆட்டிசம் உள்ள பலர் ஒவ்வொரு மரத்தையும் பார்க்கின்றனர் என்று அவர் கருத்தைச் சுருக்கிச் சொல்லலாம். பகுதிகளைக் கூர்ந்து பற்றும் மனத்திற்கு, எண்களும் சுரங்களும் தேதிகளும் ஏற்ற பொருள்கள் அல்லவா?

நாள்காட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சாதாரண ஆண்டுக்கு 52 வாரமும் 1 நாளும்; லீப் ஆண்டுக்கு 52 வாரமும் 2 நாளும். எனவே 28 ஆண்டுகளில் மீதியாகும் நாள்கள் 28 + 7 = 35. அது சரியாக ஐந்து வாரம். ஆகவே 1901 முதல் 2099 வரை, 28 ஆண்டுகளுக்கு ஒரு முறை அதே நாள்காட்டி மீண்டும் வரும். நம் நாடு விடுதலை பெற்ற 15-8-1947 வெள்ளிக்கிழமை. 15-8-1975, 15-8-2003 ஆகியனவும் வெள்ளிக்கிழமைகளே. லண்டனில் பியாட்டே ஹெர்மெலினும் நீல் ஓகானரும் 1980களில் ஆராய்ந்தபோது, கிழமை சொல்பவர்கள் இத்தகைய ஒழுங்குகளை அறிந்திருப்பதையும், தொலைவான ஆண்டுகளுக்கு விடை கூறக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதையும் கண்டனர். ஆகவே இது மந்திரம் அன்று. அவர்களுள் ஒரு கணக்கு நடக்கிறது. அதை எவ்வாறு செய்கிறோம் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லத் தெரிவதில்லை.

இதில் பயிற்சிக்கும் பங்கு உண்டு. 2000ஆம் ஆண்டு எலினார் மகுவயர் என்பவர் லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் மூளையை ஆராய்ந்தார். ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்த அவர்களுக்கு, இட நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. அவர்கள் சவான்ட் நிலையினர் அல்லர், நம்மைப் போன்றவர்களே. உழைப்பு மூளையையே மாற்றி அமைக்கிறது. நாள் முழுதும் ஒன்றையே நாடும் சவான்ட் சிறுவனின் மூளையும் அவ்வாறு மாறக்கூடும்.

திறமையும் அன்பும்

இதுவரை மூளையைப் பற்றிப் பேசினோம். மூளை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும்.

1974இல் லண்டனில் பிறந்த ஸ்டீபன் வில்ட்ஷயர் ஆட்டிசம் உள்ளவர். சிறு வயதில் பேச்சே இல்லை; எப்போதும் வரைந்துகொண்டே இருப்பார். பள்ளியில் ஆசிரியர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். வரையும் பொருள்களை எடுத்து வைத்துவிட்டார்கள். வேண்டுமானால் வாய் திறந்து கேட்க வேண்டும்! அவ்வாறே அவர் முதன்முதலாகச் சொன்ன சொல் 'காகிதம்'. 2005இல் டோக்கியோ நகரின் மேல் ஹெலிகாப்டரில் சிறிது நேரம் பறந்துவிட்டு, நினைவிலிருந்தே 10 மீட்டர் நீளத் திரையில் அந்நகரை வரைந்து முடித்தார்.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. 1967இல் பிறந்த நாடியா என்ற ஆங்கிலச் சிறுமி மூன்றரை வயதிலேயே ஓடும் குதிரைகளை வரைந்தாள். பேச்சு மிகக் குறைவு. பள்ளியில் சேர்ந்து மொழி கற்கத் தொடங்கிய காலத்தில் அந்த ஓவியத் திறன் மங்கிவிட்டது. மொழி கற்பித்ததுதான் காரணமா என்பது அறிஞர்களிடையே விவாதத்திற்குரியது. ஆனால் எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஒரு குழந்தை வியக்கும்படி குதிரை வரைவது பெரிதா, 'அம்மா, பசிக்கிறது' என்று சொல்லத் தெரிவது பெரிதா? நாங்கள் இரண்டு நாள் விவாதித்தோம். இறுதியில், எது பெரிது என்பது பார்க்கும் நமக்கு வேறு, அந்தக் குழந்தைக்கு வேறு என்று எங்களுள் ஒருத்தி சொன்னதும் எல்லோரும் மௌனமானோம். ஸ்டீபனோ பேசவும் கற்றார், ஓவியத்தையும் இழக்கவில்லை.

1952இல் பிறந்த லெஸ்லி லெம்கேக்குக் கண்கள் இல்லை. மூளை வாதமும் இருந்தது. பெற்றவர்கள் கைவிட்ட அக்குழந்தையை மே லெம்கே என்ற செவிலியர் தம் 52ஆம் வயதில் ஏற்றார். விழுங்கக் கற்பித்தார். தம் உடலோடு அவனைக் கட்டிக்கொண்டு நடந்து நடை பழக்கினார். அவன் நடந்தது பதினைந்து வயதளவில். பியானோவின் அருகே அமர்த்தி ஒலிகளைக் கேட்கச் செய்தார். பதின்பருவத்தில் ஒரு நாள், தொலைக்காட்சியில் கேட்ட சைகோவ்ஸ்கியின் பியானோ இசையை லெஸ்லி அப்படியே வாசித்தான்.

எல்லோருக்கும் இத்தகைய தாய் வாய்க்கவில்லை. 1849இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமைக் குடும்பத்தில் பார்வையின்றிப் பிறந்த தாமஸ் விக்கின்ஸ் ஒப்பற்ற பியானோக் கலைஞர். குடியரசுத் தலைவர் புக்கானன் முன்னிலையில் வெள்ளை மாளிகையில் வாசித்தவர். ஆனால் அவர் ஈட்டிய பெரும் பணம் அவரை விலைக்கு வாங்கிய குடும்பத்திற்கே போயிற்று. அடிமை முறை ஒழிந்த பின்னும் அந்நிலை மாறவில்லை. உலகம் அவருடைய விரல்களைக் கொண்டாடியது, அவரைக் கொண்டாடவில்லை.

கிம் பீக்கின் கதையும் இதையே சொல்கிறது. 1984இல் அவரைச் சந்தித்த எழுத்தாளர் பேரி மாரோ, அந்தத் தூண்டுதலால் 'ரெயின் மேன்' என்ற திரைப்படத்தின் கதையை எழுதினார். 1988இல் அப்படம் வெளிவந்தது. மாரோவுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. அந்த விருதுச் சிலையை அவர் கிம்மிடமே கொடுத்து வைத்தார். தந்தையும் மகனும் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று பேசினர். அதுவரை பிறர் முகத்தை ஏறிட்டும் பார்க்காதிருந்த கிம், மக்களோடு பழகப் பழக மனம் திறந்தார். 2009இல் மறையும் வரை அவருக்குப் பொத்தான் போட்டு, தலை வாரிவிட்டவர் அவருடைய தந்தையார்தான்.

நாங்கள் கேட்ட கேள்வி

இனி நாங்கள் சொல்வதாகக் கூறிய நிகழ்ச்சி.

எங்கள் பள்ளிக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்திற்கு மாலைதோறும் ஒரு பாட்டி, தம் பேத்தியை அழைத்துச் செல்ல வருவார்கள். கூடவே பேரனும் வருவான். பத்து வயது இருக்கும். யாரையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டான்; கைகளை உதறிக்கொண்டே வரும் பேருந்துகளின் எண்களை உரக்கச் சொல்வான். நாங்கள் அவனைப் போலவே சொல்லிக் காட்டிச் சிரித்ததுண்டு.

கிம் பீக்கைப் பற்றிக் கேட்ட அன்று மாலை, எங்களுக்கு ஒரே பரபரப்பு. இவனும் ஒரு மேதையாக இருப்பானோ? அவனைச் சூழ்ந்துகொண்டோம். "தம்பி, நான் பிறந்த தேதி சொல்றேன், என்ன கிழமைன்னு சொல்லு" என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி கேட்டோம். அவன் பதில் சொல்லவில்லை. நாங்கள் விடவில்லை. அவன் காதுகளைப் பொத்திக்கொண்டான். "சே, இவனுக்கு ஒண்ணும் தெரியாதுடி" என்றாள் எங்களுள் ஒருத்தி.

பாட்டி கோபிக்கவில்லை. "அவனுக்கு அதெல்லாம் தெரியாதும்மா. பேரு கேட்டாச் சொல்லுவான். அதைத்தான் யாரும் கேக்கிறதில்லை" என்றார்கள்.

அன்று பேருந்தில் எங்களுக்குப் பேச்சே வரவில்லை. பத்தில் ஒருவருக்கே அத்தகைய திறமை என்று வகுப்பில் எழுதிக்கொண்டோமே, மற்ற ஒன்பது பேர் எங்கே என்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அவன் மேதையாக இருந்தால் நட்புக் கொள்வோம், இல்லையெனில் முன்போலச் சிரிப்போம் என்பதுதானே எங்கள் எண்ணம்? கிம்மின் பெற்றோர், மகன் 12,000 நூல்களை நினைவில் கொள்வான் என்று அறிந்தா அந்த ஒன்பது மாதக் குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டார்கள்? லெஸ்லி பியானோ வாசிப்பான் என்று அறிந்தா மே லெம்கே அவனைத் தம் உடலோடு கட்டிக்கொண்டு நடந்தார்? திறமை பின்னால் வந்தது. பிள்ளையை ஏற்றுக்கொண்டது முன்னால்.

மறுநாள் நாங்கள் அவனிடம் பெயர் கேட்டோம். உடனே சொல்லவில்லை. இரண்டு பேருந்துகள் வந்து போயின. பிறகு, எங்களைப் பாராமலே, தெளிவாகச் சொன்னான். அதை அச்சிடலாமா என்று அவனைக் கேட்கவில்லை. ஆகவே இங்கே எழுதவில்லை.

தோழியரே, பெற்றோரே! மூளையின் விந்தைகளை விஞ்ஞானிகள் மேலும் ஆராயட்டும். குறையும் நிறையும் ஒரே மூளையில் எவ்வாறு குடியிருக்கின்றன என்பதை அவர்கள் ஒரு நாள் முழுமையாகக் கண்டுரைப்பார்கள். எங்களுள் சிலருக்கும் அந்த ஆராய்ச்சியில் ஈடுபட வேண்டும் என்ற ஆசை பிறந்துள்ளது. ஆனால் அதுவரை காத்திராமல் இன்றே நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேச வராத பிள்ளை ஒன்றை நம் தெருவிலோ பேருந்து நிறுத்தத்திலோ கண்டால், 'உனக்கு என்ன தெரியும்?' என்று கேட்பதற்கு முன்னால், 'உன் பேர் என்ன?' என்று கேட்போம். விடை வரத் தாமதமாகலாம். காத்திருப்போம்.